மூன்றாம் வரிசை, ஐந்தாம் கல்லறை

என் புருஷனைத் தோண்டி எடுக்க வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். கடலோரமாக நாலு வழிச் சாலை வருகிறதாம். அதற்காகக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் கடல் பக்கத்து நாலு வரிசையை எடுத்துக்கொள்கிறார்கள். உரியவர்கள் வந்து கையெழுத்துப் போட்டால் எலும்பைப் பெட்டியில் வைத்து, மதிலோரம் கட்டியிருக்கும் புது மாடத்துக்கு மாற்றித் தருவார்கள். கேட்க ஆள் வராதவர்கள் எல்லாரும் மொத்தமாக ஒரே குழிக்குப் போவார்கள்.

என் புருஷனை அப்படி விடுவேனா? திங்கட்கிழமையே பங்கு அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். கழுத்தில் டேப் தொங்கியது. தையல் கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தேன்.

புதுச் சாமியார் சின்ன வயசு, வெளியூர்க்காரர். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பங்கின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதுகிறேன் என்று மேசை முழுக்கக் காகிதத்தைப் பரப்பி வைத்திருந்தார். மரணப் பதிவேட்டை எடுத்து விரலை ஓட்டினார்.

"மூணாவது வரிசை, கோயில் சுவர்லேர்ந்து அஞ்சாவது. சரிதாம்மா." ஒரு பக்கம் பின்னால் திருப்பியவர் தலையைச் சொறிந்தார். "இங்கயும் ஒருத்தர் மூணு, அஞ்சுல இருக்காரே?"

"அது மைக்செட்காரர், ஃபாதர். ஐஸ் ஃபாக்டரி அக்காவோட வீட்டுக்காரர். அந்தக் கதை அப்பவே பேசி முடிச்சாச்சு."

முடித்த லட்சணத்தையும் சொன்னேன். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் மைக்செட்காரர் மார்ச் மாதம் இறந்தார், என் புருஷன் மே மாதம். அவரை அடக்கம் செய்த அன்று நான் ஆஸ்பத்திரியில் மகளைப் பெற்றுக்கொண்டிருந்தேன். அங்கிருந்து அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். அக்டோபரில் கடல் உள்ளே புகுந்து மரச்சிலுவை அத்தனையையும் வாரிக்கொண்டு போனது. திரும்பி வந்து பார்த்தால் வெறும் மணல். பதிவேட்டை எழுதி வைத்த கோயில் உபதேசியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒன்பது வரிசையில் ஒருவர் ரோட்டுக் கோடியிலிருந்து மூன்று, இன்னொருவர் கடல் கோடியிலிருந்து மூன்று என்பது வரை புரிந்தது. யார் எங்கே? முதலில் செத்தவர் வாசலுக்குக் கிட்டே இருப்பார் என்று நானும் அக்காவும் பேசி, அவள் ரோட்டுப் பக்கம் சிலுவை நட்டாள், நான் கடல் பக்கம் நட்டேன்.

சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ வாசல் எந்தப் பக்கம் இருந்துச்சும்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோயில் திரும்பியது இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? முதலில் தகரக் கொட்டகை, பிறகு கல் கட்டடம். இரண்டுக்கும் முகம் கடலைப் பார்த்துத்தான். ஜனங்கள் படகிலிருந்து இறங்கி நேரே பூசைக்கு வந்த காலம் அது. துறைமுகம் பெருத்து, ரோட்டோரம் மாடி வீடுகள் எழும்பி, வருகிறவர்கள் எல்லாரும் பின்பக்கமாகவே வந்ததால் பீடத்தைக் கடல் கோடிக்கு நகர்த்தி ரோட்டுக் கோடியில் வாசல் வைத்தார்கள். உபதேசியார் எப்போதும் வாசலிலிருந்துதான் வரிசை எண்ணுவாராம்.

"எப்ப திரும்புச்சுன்னு தெரிஞ்சா போதும்," என்றார் சாமியார்.

எழுந்து போய் வாசல் கல்லைப் பார்த்தோம். அவர்கள் இறந்த அதே வருஷம், ஆகஸ்ட் என்றிருந்தது. பழைய மலரில் அந்த வருஷம் ஜனவரி என்று போட்டிருந்தது. கல்லை நம்பினால் இரண்டு பேரும் கடல் பக்கம் ஒரே குழியில். மலரை நம்பினால் இரண்டு பேரும் ரோட்டுப் பக்கம் ஒரே குழியில். சாமியார் ஒரு தாளில் கோயிலை வரைந்து, அதைத் தலைகீழாகத் திருப்பி, மறுபடி நிமிர்த்தினார்.

"ரெண்டு சாவுக்கும் நடுவுல ஏதோ ஒரு நாள் முதல் உபதேசியார் புது வாசல்லேர்ந்து எண்ண ஆரம்பிச்சிருக்கணும். அப்படின்னா முன்னாடி செத்தவர்தான் கடல் பக்கம்..."

"நிறுத்துங்க ஃபாதர்! இருபத்தொரு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம போயிட்டிருக்கேன். என் புருஷனை எனக்குத் தெரியாதா?"

நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் டேப்பை விரித்து இந்தக் கோடியிலிருந்தும் அந்தக் கோடியிலிருந்தும் அளந்தேன். எதை அளக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை.

என் பயம் எலும்பைப் பற்றியது இல்லை. அன்று காலை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் கப்பல் பட்டறைக்கு வெல்டிங் வேலைக்குக் கிளம்பினார். வயிற்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று கத்தினேன். "போங்க, அப்படியே போயிடுங்க, திரும்பி வராதீங்க." மத்தியானம் சாரத்திலிருந்து விழுந்தார். அதற்குத்தான் வாராவாரம் அந்தக் கடல் பக்கத்துக் கல்லறையில் மன்னிப்புக் கேட்டேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் அழுத பிறகு ஒருநாள் மனசு லேசானது. மன்னித்துவிட்டார் என்று நம்பினேன். மன்னித்தது யார்?

வியாழக்கிழமை சாமியார் சொல்லி ஐஸ் ஃபாக்டரி அக்காவும் வந்திருந்தாள். வழக்கம்போல் வாயைத் திறக்காமல் ஓரமாக நின்றாள். குழி தோண்டுபவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். என் புருஷனுக்கு வலது தொடையில் ஒரு சாண் நீளத்துக்கு ஸ்டீல் தகடு, ஆறு ஸ்க்ரூ. அது முந்தைய தடவை விழுந்ததில் வைத்தது.

தொடை எலும்பு வந்தது. தகடு இல்லை.

"அது இடது காலா இருக்கும்ணே," என்றேன்.

அடுத்ததும் வந்தது. அதிலும் இல்லை.

"மண்ணைச் சலிச்சுப் பாருங்க. துருப்பிடிச்சுக் கீழ விழுந்திருக்கும்."

சலித்தார். ஒன்றும் இல்லை. அப்போதுதான் அக்கா முதல்முறையாகப் பேசினாள். "மேல்வரிசைல கம்பி போட்டுக் கட்டின பல்லு இருக்கான்னு பாருங்க."

"இருக்கும்மா."

"அவருதான்," என்றாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

நான் கொண்டுவந்த பெட்டி கையிலேயே இருந்தது. அதில் வைக்க எனக்கு ஆள் இல்லை. என்னவர் ரோட்டுப் பக்கம், யாரும் கைவைக்காத இடத்தில் பத்திரமாக இருக்கிறார். அதற்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா? உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"அக்கா, இருபத்தொரு வருஷமா உங்க வீட்டுக்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கேன்க்கா!"

அக்கா என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

"அந்த மனுஷன் இன்னொரு குடும்பம் வச்சிருந்தார், உனக்குத் தெரியுமில்ல? அந்தக் கோவத்துல நான் அங்க உக்காந்து ஒரு வார்த்தை பேசினதில்ல. ஊர் வாய்க்குப் பயந்து வாராவாரம் மெழுகுவர்த்தி ஏத்திட்டு வந்துடுவேன். இப்பவும் மன்னிக்க மனசு வரல." பெட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். "உன் வாயாலயாவது நாலு நல்ல வார்த்தை அவருக்குக் கிடைச்சிருக்கே. இருக்கட்டும்."

பெட்டியை அவளிடமே கொடுத்தேன். கையெழுத்து அவள் போட்டாள்.

பிறகு ரோட்டுப் பக்கம் போனேன். அக்கா ஏற்றிய மெழுகு கல்லில் கெட்டியாக அப்பியிருந்தது. இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. வந்தது கோபம்தான்.

"ஏங்க, ஒருத்தி வாராவாரம் வந்து உம்முனு மெழுகுவர்த்தி ஏத்திட்டுப் போயிருக்கா. இவ நம்ம வீட்டுக்காரி இல்லைன்னு உங்களுக்காவது தெரிய வேண்டாமா? அவ வாயும் என் வாயும் ஒண்ணா?"

பின்னால் அக்கா பெட்டியை அணைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. கல்லில் கையை வைத்தேன்.

"திரும்பி வராதீங்கன்னு சொன்னேன்ல," என்றேன். "அது சும்மா சொன்னதுங்க."