பூட்டிவிட்டு நடந்தவன்

மனைவியை அடித்து நீதிமன்றம் ஏறியவர்கள் சிறைக்கு மாற்றாக வரவேண்டிய வகுப்பு அது. வெல்டருக்கு அன்று பன்னிரண்டாம் வாரம், கடைசி வாரம். ஆலோசகி கையெழுத்திட்டால் வழக்கு முடியும்; இடாவிட்டால் ஆறு மாதம் உள்ளே. தன்னைவிட இளையவள் ஒருத்தியின் பேனா முனையில் தன் தலையெழுத்து தொங்குவதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"கோபம் வந்தா என்ன செய்யணும்னு மூணாம் வாரம் பேசினோமே, செஞ்சீங்களா?"

"செஞ்சேன் மேடம். வீட்டை விட்டு வெளிய போயிடணும், ஒரு மணி நேரம் நடக்கணும், ஆறினப்புறம் திரும்பணும். பத்து தடவை போயிருக்கேன். ஒரு அடி கிடையாது."

"நடந்து நடந்தே மாப்பிள்ளை பாதியாயிட்டாரு" என்றான் டாக்சி ஓட்டுநர். வட்டமாக அமர்ந்திருந்த ஆண்கள் சிரித்தார்கள்.

"அந்த ஒரு மணி நேரம் உங்க மனைவி என்ன செய்வாங்க?" என்றாள் ஆலோசகி.

"என்ன செய்வா, உள்ள இருப்பா. நான் அந்தப் பக்கம் போனதும் அவ இந்தப் பக்கம் அக்கா வீட்டுக்குக் கிளம்பிட்டா? அதான் பூட்டிட்டுப் போவேன்."

சிரிப்பு அறுந்தது. வெல்டருக்கு விளங்கவில்லை. சொல்லிக்கொடுத்ததை இம்மி பிசகாமல் செய்தவனை ஏன் இப்படி வெறிக்கிறார்கள்?

"இப்ப அவங்க எங்க?" ஆலோசகியின் குரல் தாழ்ந்தது.

"காலையில வாய்ச்சண்டை. உள்ளதான் இருக்கா."

"சாவி?"

"என் வீட்டுச் சாவி. என்கிட்டதான் இருக்கும்."

ஓட்டுநர் எழுந்தான். "நானும் பூட்டினவன்தான். என் பொண்டாட்டி மாடி ஜன்னல் வழியா இறங்கினா. இடுப்பெலும்பு இன்னும் சேரல. சாவியை வைடா."

"உன் குடும்பக் கதையை இங்க அளக்காத."

"நீங்க வைக்கலன்னாலும் கதவு திறக்கும்" என்றாள் ஆலோசகி. "போலீஸ் வந்து உடைப்பாங்க. சாவியால திறக்கணுமா, உடைக்கணுமான்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

அவன் வீசிய சாவி அவள் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தாள், பக்கத்து அறையிலிருந்த பெண் ஊழியரை அழைத்துக் கொடுத்தாள். "விலாசம் ஃபைல்ல இருக்கு. போலீஸ்கிட்ட சொல்லி, கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. அவங்க எங்க போகணும்னு சொன்னாலும் கொண்டு விடுங்க."

"நானும் வரேன்" என்றான் வெல்டர்.

"அங்க உங்களுக்கு வேலையில்ல."

ஓட்டுநர் நாற்காலியை இழுத்து வாசலை அடைத்து உட்கார்ந்தான்.

"மறிக்காதீங்க" என்று அவனையும் அதட்டினாள். "கதவு திறந்தே இருக்கட்டும்."

"அப்ப கையெழுத்து?" என்றான் வெல்டர்.

"கிடையாது. நடந்ததை நடந்தபடி கோர்ட்டுக்கு எழுதுவேன். வகுப்பு முடிய இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. டிரைவர், உங்க வாரம் எப்படிப் போச்சுன்னு சொல்லுங்க."

ஓட்டுநர் சொல்லத் தொடங்கினான். ஒரு சொல்லும் வெல்டரின் காதில் ஏறவில்லை. இந்நேரம் மனைவி படியிறங்கியிருப்பாள். இடப்பக்கம் திரும்பினாளோ, வலப்பக்கமோ. மணமான இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக அது அவனுக்குத் தெரியவில்லை. அங்கிருந்த ஒவ்வொரு முகத்தையும் அவன் வெறுத்தான். வெறுத்தபடியே உட்கார்ந்திருந்தான்.