வாசிக்க வந்தவள்

ஐம்பது வருடமாக நடிக்கிறேன். பதினேழு முறை செத்திருக்கிறேன், அதில் ஆறு முறை முதல் பத்து நிமிடத்துக்குள்ளேயே. நீதிபதி, டாக்டர், பாதிரியார், மனைவியைக் கொன்ற பல் மருத்துவர் என்று எல்லாமாகவும் இருந்திருக்கிறேன். ஆனாலும் நான் குடியிருக்கும் வேன் நைஸ் கடைத்தெருவில் என்னை நிறுத்துகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "சார், நீங்க எங்க ஸ்கூல்ல கணக்கு எடுத்தீங்கள்ல?" முன்பெல்லாம் நின்று விளக்குவேன். இப்போது ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தக்காளியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். யாருக்கு இருக்கிறது தெம்பு?

என் பெயர் வெஸ் ஹார்ட்வெல். பெற்றவர்கள் வைத்தது எமில் வோய்சிக். முதல் ஏஜென்ட் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "இதைப் போஸ்டர்ல போட்டா ஒருத்தனும் படிக்க மாட்டான்" என்று மாற்றினார். புதுப் பெயரையும் ஒருத்தனும் படிக்கவில்லை, அது வேறு விஷயம். எண்பதுகளில் ஒரு போலீஸ் தொடரில் நாலு வருடம் கதாநாயகனுக்குப் பக்கத்தில் நின்று "அவன் பின்பக்கமா ஓடுறான்!" என்று கத்தினேன். ஐந்தாவது வருடம் கார் நிறுத்தும் இடத்துக்காகத் தயாரிப்பாளரோடு சண்டை போட்டேன். அடுத்த வாரம் வந்த வசனத்தாளில் மூன்றாம் பக்கத்திலேயே என்னைச் சுட்டுத் தள்ளியிருந்தார்கள். அதற்கப்புறம் எல்லாம் ஒருநாள் வேலை, இரண்டு நாள் வேலை.

இப்படி இருக்கும்போதுதான் போன செப்டம்பரில் மிட்ஜ் கேப்லன் போன் செய்தாள். மிட்ஜ் என் இப்போதைய ஏஜென்ட். அறுபத்தாறு வயது, தொண்டையில் நாற்பது வருட சிகரெட்.

"கண்ணு, உக்காந்துக்கோ. தொடர். பத்து வாரம். ரிட்டயர் ஆன ஃபயர் சர்வீஸ் கேப்டன், பேரு எட். பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்ல, இனிமே வைத்தியமே வேணாம்ங்கிறா. மொத்தக் கதையும் இவங்க ரெண்டு பேரைச் சுத்தித்தான்."

"நேர்ல வரச் சொல்றாங்களா?"

"எந்தக் காலத்துல இருக்க நீ? வீட்லயே எடுத்து அனுப்பு. புதன்கிழமைக்குள்ள."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த வேடம் வேண்டும். சாப்பாடு வேண்டும் என்பது மாதிரி வேண்டும். எழுபத்து நாலு வயதில் இனி எவன் பத்து வாரத்துக்குக் கூப்பிடப் போகிறான்? ஒரு தடவையாவது கதை முடியும்வரை உயிரோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று பட்டது.

இப்போதெல்லாம் தேர்வு செய்கிறவர்கள் நம் முகத்தை நேரில் பார்ப்பதில்லை. சுவரில் நீல பெட்ஷீட்டை ஆணியடித்து மாட்ட வேண்டும். போனை நிறுத்தி வைத்து, பெயர், உயரம் சொல்லி, இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டி, பிறகு நடிக்க வேண்டும். எதிராளியின் வசனத்தை வாசிக்க ஓர் ஆள் போனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த ஆளுக்கு ஒரே விதி: நடிக்கக் கூடாது. முகவரி படிக்கிற மாதிரி படித்துவிட்டுப் போக வேண்டும். எனக்கு வழக்கமாகப் படிப்பவள் மாடி வீட்டு மேபல். அவளுக்கு எதைப் படித்தாலும் கரண்ட் பில் படிப்பது போலத்தான் வரும், தங்கமான பெண். அந்த வாரம் பார்த்து மகள் பிரசவத்துக்காக டெக்சஸ் போய்விட்டாள்.

வேறு வழியில்லாமல் லோர்னாவைக் கூப்பிட்டேன். லோர்னா பெட்டிபோன் என் முன்னாள் மனைவி. நாலு தெரு தள்ளி இருக்கிறாள். பிரிந்து முப்பத்து மூன்று வருடமாகிறது. பெரிய சண்டை எதுவும் இல்லை, இருவருக்கும் அலுத்துவிட்டது, அவ்வளவுதான். அவளும் ஒரு காலத்தில் நடிகைதான். பிறகு ஒரு நாய் டாக்டரின் வரவேற்பு மேஜையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றாள். கிறிஸ்துமஸுக்கு இன்னும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம்.

மூக்குக்கண்ணாடியும் இரண்டு டூனா சாண்ட்விச்சுமாக வந்தாள். பெட்ஷீட்டைப் பார்த்தாள்.

"இது நம்ம கல்யாணத்துக்கு எங்க அத்தை குடுத்ததுல்ல?"

"நீ விட்டுட்டுப் போனதுல நல்லது இது ஒண்ணுதான். சீக்கிரம் நில்லு. நடிக்காதே, சும்மா படி."

"சரிங்க எஜமான்."

முதல் தடவை நான் உறுமினேன். இரண்டாம் தடவை அழுதேன், மூக்கு ஒழுகியதுதான் மிச்சம். மூன்றாம் தடவை நன்றாக வந்துகொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டில் இலை ஊதும் மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்பதாவது தடவைக்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. லோர்னாவுக்கு முழங்கால் வலி. சமையலறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இதான் கடைசி, வெஸ். இதுக்கு மேல எனக்கு முடியாது."

"எடு, எடு."

எடுத்தோம். முடிந்தது. நல்லா இருந்துச்சா என்று கேட்டேன். இருந்துச்சு என்று சொல்லி, சாப்பிடாத சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எடுத்ததைச் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்போம். குரல் நம்மை ஏமாற்றிவிடும், முகம் ஏமாற்றாது என்பது கணக்கு. அன்றும் அப்படித்தான் ஒன்பதையும் பார்த்தேன். ஒன்பதாவதில் என் முகம் என்னையே அசத்தியது. ஒன்றுமே செய்யாமல் நிற்கிறேன், ஆனால் கண்ணில் என்னவோ உடைகிறது. அட, கிழவா, இன்னும் சரக்கு இருக்கிறதே என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். அதையே அனுப்பினேன். சத்தம் வைத்துக் கேட்கவே இல்லை.

வியாழக்கிழமை மிட்ஜ் போன் செய்தாள்.

"கண்ணு, நாலு தடவை பார்த்தாங்களாம். ரூம்ல ஒருத்தி அழுதுட்டாளாம்."

நான் சுவரில் இருந்த நீல பெட்ஷீட்டுக்கு ஒரு சலாம் வைத்தேன்.

"யாருய்யா அந்தப் பொம்பள?" என்றாள் மிட்ஜ்.

"எந்தப் பொம்பள?"

"வாசிச்சவ. பொண்டாட்டி வேஷத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கல. அந்தக் குரல்தான் வேணும்ங்கிறாங்க. முகத்தைப் பார்க்கணுமாம். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள்ள அவளைத் தனியா எடுத்து அனுப்பணும்."

"சரி. நான்?"

மிட்ஜ் இருமினாள். அந்த இருமல் எனக்குத் தெரியும். முப்பது வருடமாகக் கேட்டிருக்கிறேன்.

"எட் வேஷத்துக்குப் பேர் தெரிஞ்ச ஆளைப் பார்க்கிறாங்க, கண்ணு. உன்னைப் பத்தி நல்லாதான் சொன்னாங்க. நல்லா கேட்கிறாராம், அவ பேசும்போது. சரி, அவ நம்பர் குடு."

"பக்கத்து வீட்டம்மா," என்றேன். "ஃப்ரெஸ்னோவுல தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. நம்பர் இல்ல."

வாய் அதுவாகச் சொன்னது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தேடிப் பிடி" என்று மிட்ஜ் வைத்துவிட்டாள்.

வயிற்றெரிச்சல் என்றால் அப்படி ஒரு வயிற்றெரிச்சல். ஐம்பது வருடம் லோல்பட்டவன் நான். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு, கண்ணாடி போட்டுப் படித்தவளுக்கு வேடமா? சொல்லாவிட்டால் என்ன ஆகிவிடும்? திங்கள் மத்தியானம் தாண்டினால் வேறு யாரையாவது போட்டுக்கொள்வார்கள். அவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் இதை ஏற்கெனவே ஒரு தடவை செய்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு. தொடரில் என்னைச் சுட்டுப் போட்டு மூன்று வாரம். பகல் முழுக்கக் குளியலங்கியோடு வீட்டில் கிடப்பேன். செல்போன் இல்லாத காலம். நடிகர்களுக்கென்று செய்தி வாங்கி வைக்கும் சர்வீஸ் இருந்தது. கூப்பிடுகிறவர்கள் சொல்வதை அங்கே ஒரு பெண் எழுதி வைப்பாள், நாம் போன் செய்து கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்கும் லோர்னாவுக்கும் ஒரே கணக்கு. அன்று நான் கேட்டபோது, "உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். மேடமுக்கு ஒண்ணு இருக்கு" என்றாள். லோர்னா அப்போது ஒரு சின்ன அரங்கில் ஐம்பது பேருக்கு முன்னால் நாடகம் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த ஒரு டைரக்டர் தன் படத்துக்காக அவளைப் பார்க்க வேண்டும் என்றாராம். வியாழன் காலை பத்து மணி. நான் நன்றி சொல்லி வைத்தேன். சாயங்காலம் அவள் வந்து, "ஏதாவது கால் வந்துச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அடுத்த வருடமே நடிப்பு வேண்டாம் என்று நாய் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தாள். அதற்கு நான்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்லவும் முடியாது.

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி இருக்கும். அந்த ஒன்பதாவதை எடுத்து, முதல்முறையாகச் சத்தம் வைத்துக் கேட்டேன்.

"போதும், எட். இன்னொரு ஊசிக்கு நான் வரல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

அவ்வளவுதான் வசனம். அவள் நடிக்கவே இல்லை. முழங்கால் வலிக்கிறது, இரண்டு மணி நேரம் நின்றாகிவிட்டது, இனி முடியாது. அந்தக் களைப்பை அப்படியே சொன்னாள். நான் அதைக் கேட்டுக்கொண்டு வாயடைத்து நின்றிருக்கிறேன். என் கண்ணில் உடைந்ததாக நான் பீற்றிக்கொண்டது அவள் உடைத்தது. எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. பொறாமை போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இரண்டாம் முறை மறைப்பதற்கும் தெம்பு வேண்டுமே, அது என்னிடம் இல்லை.

ஞாயிறு காலை போனேன். லோர்னா பின்கட்டில் எலுமிச்சைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். மிட்ஜ் சொன்னதைச் சொன்னேன். சிரித்தாள்.

"என்னையா? எழுபத்தொரு வயசுலயா? போய்யா, விளையாடாதே."

"உன் குரல்தான் வேணுமாம். நான் வேணாமாம்."

சிரிப்பு நின்றது. குழாயை மூடினாள். படியில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதை மறைக்க வேறு பார்த்தாள் பாவம்.

"எப்போ சொன்னாங்க?"

"வியாழக்கிழமை."

"இன்னிக்கு ஞாயிறு."

"ஆமா."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் மன்னித்திருப்பாள், மன்னிக்கிற முகம்தான் அது. ஆனால் ஆரம்பித்தவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சர்வீஸ், டைரக்டர், வியாழன் பத்து மணி, இல்லை என்று சொன்னது. குளியலங்கியைக்கூட விடவில்லை. லோர்னா கையிலிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்தாள்.

"என்ன படம்?"

"என்ன?"

"என்ன படம்னு கேட்கிறேன். யாரு டைரக்டர்?"

வியாழன் ஞாபகம் இருந்தது, பத்து மணி ஞாபகம் இருந்தது. படம் என்ன, கூப்பிட்டது யார் என்பதெல்லாம் எங்கோ போயிருந்தது. தலையைக் கசக்கிப் பார்த்தேன். அன்று அந்தப் பெண் சொன்னபோதே அதை நான் காதில் வாங்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஞாபகமில்ல, லோர்னா."

"முப்பத்தஞ்சு வருஷமா மறைச்சு வச்சிருந்த," என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என்னோடது அது, வெஸ். பேரையாவது பத்திரமா வச்சிருக்கக் கூடாதா? நான் எதை இழந்தேன்னு இனிமே யாரைப் போய்க் கேட்பேன்?"

மன்னிப்பு கேட்டேன், அது எவ்வளவு சின்னதாக இருந்தது என்று எனக்கே கேட்டது. அவள் எழுந்து உள்ளே போனாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். பேனாவும் ஒரு கவரும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"மிட்ஜ் நம்பர் சொல்லு."

சொன்னேன். நிதானமாக எழுதி, ஒருமுறை திருப்பிப் படித்துச் சரிபார்த்துக்கொண்டாள்.

"சாயங்காலம் வரேன். உனக்கு வாசிக்க ஆள் வேணும்ல," என்றேன்.

"பக்கத்து வீட்டுல சமையல்காரர் ஒருத்தர் இருக்கார். அவரைக் கூப்பிட்டுக்கிறேன்."

"அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. கேட்டா உண்மையைச் சொல்லுவார், அது போதும் எனக்கு."

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். நான் கொஞ்ச நேரம் எலுமிச்சைச் செடிக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே அவள் போனில் பேச ஆரம்பித்திருந்தாள். முதலில் தன் பெயரைச் சொன்னாள். லோர்னா பெட்டிபோன், நடிகை என்றாள். பிறகு பக்கவாட்டு வழியாகத் தெருவுக்கு வந்து என் வீட்டைப் பார்க்க நடந்தேன்.