பேப்பரில் முடிந்த சண்டை

சூயஸ் கால்வாயில் சண்டை மூண்டால் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் ஒருத்தியின் மீன் பறிபோகும் என்றால் யார் நம்புவார்கள்? கோவிந்தம்மாவுக்குப் பறிபோயிற்று. அந்தச் சண்டையை அவள் பேப்பரில்தான் பார்த்தாள். அதையும் அவளுக்குப் படிக்கத் தெரியாது. பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் பேப்பர் விற்கும் மோசஸ்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

அவள் புருஷன் முனிகிருஷ்ணன் சரக்குக் கப்பலில் சமையல்கட்டு ஆள். 1967 தையில் கிளம்பியவன், சூயஸ் வழியாக ஆவணிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். கப்பல் கால்வாய்க்குள் நுழைந்த நேரமாகப் பார்த்துச் சண்டை பிடித்துக்கொண்டது.

பேப்பருக்கு அப்போது கொண்டாட்டம். கொட்டை எழுத்தில் தலைப்பு, எரிகிற விமானத்தின் படம், அம்புக்குறி போட்ட வரைபடம். இன்று எத்தனை டாங்கி போயிற்று, நாளை எந்த ஊர் விழும் என்று, சோழவரத்துக் கார் ரேஸைப் பற்றி எழுதுகிற மாதிரியே எழுதினார்கள். கோவிந்தம்மா தினமும் மீன்கூடையோடு போய் மோசஸ் எதிரில் நின்றாள்.

"அண்ணே, கப்பலப் பத்தி இன்னா போட்டுகீறான்?"

"இன்னிக்கும் ஏரோப்ளேன்தாம்மா."

ஏழாம் நாள், போர் ஓய்ந்தது என்று போட்டுவிட்டுப் பேப்பர் அரிசி விலைக்குத் திரும்பிவிட்டது. கால்வாயை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார்கள், உள்ளே மாட்டிய கப்பல்கள் அப்படியே நிற்கின்றன என்று ஒரு மூலையில் ஒரு வரி போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? போட்டிருந்தாலும் மோசஸ் கண்ணில் படவில்லை.

அந்த ஒரு வரி கோவிந்தம்மாவுக்கு ஏன் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். ஏரியில் வலை போடுகிற இடத்துக்கு அங்கே முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். தை மாதம் பானைக்குள் பெயர்ச்சீட்டு போட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த நாள் என்று எடுப்பார்கள். வெளியூர் போனவனுக்கு ஒரு வருஷம் தவணை. அதுவரைக்கும் தம்பியோ பங்காளியோ அவன் பேரில் வலை போட்டு, மீனை அவன் வீட்டுக்குக் கொடுக்கலாம். தவணைக்குள் வராவிட்டால் பெயர் போய்விடும். வரமுடியாமல் எங்காவது மாட்டிக்கொண்டவனுக்கு மட்டும் இந்தக் கெடு கிடையாது, எத்தனை வருஷமானாலும் பெயர் இருக்கும். முனிகிருஷ்ணன் பேரில் தம்பி நாகமுத்து வலை போட்டுக்கொண்டிருந்தான்.

ஆவணி போயிற்று, ஐப்பசியும் போயிற்று. சண்டைதான் ஆறே நாளில் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் வரவில்லை? குப்பத்துக்கு இந்தக் கணக்கு சட்டென்று விளங்கிவிட்டது. பம்பாயில் எவளையோ சேர்த்துக்கொண்டான் என்று அடுத்த வீட்டுக் குப்பாயி தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள். சாயங்காலத்துக்குள் அந்தப் பம்பாய்க்காரிக்கு இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். குப்பாயி அதற்குப்பின் கோவிந்தம்மா வாசலை மிதிக்கவில்லை. மற்றவர்களும் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

கார்த்திகையில் கடிதம் வந்தது. மோசஸ் படித்தான். "கப்பல் கால்வாயை விட்டு நகரவில்லை. எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பகலில் ஏதோ பொழுது போகிறது. ராத்திரியில் கரைப்பக்கம் குண்டுச் சத்தம் கேட்கிறது. சோறு இறங்கவில்லை. உன்னிடம் சொல்ல வெட்கம் என்ன, போர்வைக்குள் அழுகிறேன்." கோவிந்தம்மா அதை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் அழுதாள். அழுகையோடு சந்தோஷமும் இருந்தது. இனி குப்பத்தில் ஒருத்தர் வாய் திறக்க முடியாது என்று நினைத்தாள்.

தை மாதக் குலுக்கலன்று கடிதத்தைப் பஞ்சாயத்தில் வைத்தாள். தலைவர் சடையப்பன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தபால்தலையில் ராணியின் முகம் இருந்தது. கப்பல் கம்பெனி கடிதங்களை மூட்டையாகக் கட்டி லண்டனுக்குக் கொண்டுபோய் அங்கிருந்து அனுப்பியது அவருக்கு எப்படித் தெரியும்?

"இது வெள்ளைக்கார ஸ்டாம்பு ஆச்சே! கால்வாய்ல கீறேன்றான், கடுதாசி லண்டன்லேர்ந்து வருது?"

"அங்கதான் நைனா மாட்டிக்கினு கீறாரு."

"சண்ட முடிஞ்சி எட்டு மாசமாச்சும்மா. பேப்பர்லயே போட்டுட்டான். பேப்பர்காரன் பொய் சொல்லுவானா, உம் புருஷன் பொய் சொல்லுவானா?"

முனிகிருஷ்ணன் பெயர்ச்சீட்டு பானைக்குள் விழவில்லை. நாகமுத்து தலையைக் குனிந்துகொண்டு, "நான் இன்னா அண்ணி பண்றது" என்றான். பம்பாய்ப் பேச்சு லண்டன் பேச்சாக மாறியது. கோவிந்தம்மா மற்றவர் மீனை விலைக்கு வாங்கிக் கூடை சுமந்தாள். சில நாட்களில் அவளுக்கே சந்தேகம் வந்தது. அச்சில் போட்டது எப்படிப் பொய்யாகும்? அந்தச் சந்தேகம்தான் எல்லாவற்றையும்விட அவளை வாட்டியது. அதைச் சொல்லி அழவும் ஆள் இல்லை.

சண்டை மூண்டு ஒரு வருஷம் ஆனபோது பேப்பருக்குத் திடீரென்று கால்வாய் ஞாபகம் வந்தது. மோசஸ் தூரத்திலேயே கையை ஆட்டினான்.

"வந்துட்சி கோவிந்தம்மா! உங்க ஊட்டுக்காரர் கப்பல் பேரே போட்டுகீறான்!"

கால்பக்கச் செய்தி. தலைப்பு, "சிக்கிய கப்பல்களில் மாலுமிகள் குதூகலம்!" அடைபட்ட கப்பல்களின் ஆட்கள் விளையாட்டு விழா நடத்தினார்களாம். ஓட்டப்பந்தயம், சாக்கு ஓட்டம், கால்பந்து. இந்திய மாலுமிகளும் உற்சாகமாகக் கலந்துகொண்டார்களாம். படத்தில் யாரோ நாலு பேர் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"குண்டுச் சத்தத்தப் பத்தி ஏதாவது போட்டுகீறானா?"

"அதெல்லாம் இல்லம்மா."

அன்றைக்கே பஞ்சாயத்து கூடியது. நடுவருஷத்தில் பெயர் சேர்க்கிற வழக்கம் இல்லைதான். ஆனால் பேப்பரிலேயே போட்டுவிட்டானே! சடையப்பன் அதை எல்லோருக்கும் காட்டினார். "இன்னா ஆட்டம் ஆடறானுங்க பாரு" என்று கூட்டம் சிரித்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லிடும்மா" என்றார் அவர். "கடுதாசில அழுவறேன்னு எழுதிகீறான். பேப்பர்ல ஜாலியா கீறான்னு போட்டுகீறான். ரெண்டுல எது நெஜம்?"

பகலில் ஓடுகிறவன் ராத்திரியில் அழமாட்டானா? இந்தச் சாதாரண விஷயத்தை இத்தனை பேருக்கு எப்படிச் சொல்வது என்று கோவிந்தம்மாவுக்குத் தெரியவில்லை. சொல்லி, மறுபடியும் சந்தேகம் கிளம்பினால் பாடு போய்விடும்.

"பேப்பர்தான் நைனா நெஜம்" என்றாள். "கடுதாசி சும்மா எழுதனது."

பாடு திரும்பக் கிடைத்தது. புருஷனைத் தன் வாயாலேயே பொய்யனாக்கிவிட்டோமே என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். அப்போது அவனைவிடவும் அவளே தனியாக இருந்தாள்.

சாயங்காலம் குப்பாயி வந்தாள். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். எதுவுமே நடக்காத மாதிரி வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

"ஏண்டி, ஓட்டத்துல உங்க ஊட்டுக்காரர் கெலிச்சாரா?"

பேப்பரில் அவன் பெயரே இல்லை. கோவிந்தம்மா யோசிக்கவில்லை.

"ரெண்டாவதா வந்தாரு. மொதல்ல வந்தவன் வெள்ளக்காரன், காலு நீளம்."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். குப்பாயி தொடையில் தட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். அந்த வாசலில் ஒருத்தி வந்து உட்கார்ந்து எத்தனையோ மாதம் ஆயிற்று. இவர்கள் எழுந்து போய்விடுவார்களோ என்ற பயத்தில் கோவிந்தம்மா சாக்கு ஓட்டத்தைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தாள்.