நீர் மாத்திரை

முதல் மாத்திரை குப்பம்மாளின் காலை வீங்க வைத்தது. பிரஷருக்குக் கொடுத்த மாத்திரைதான். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைப் பார்த்துவிட்டு வேறு மாத்திரை எழுதினார்.

"இது நீர் பிரியிற மாத்திரம்மா. காலையில சாப்பிட்டதும் போடணும். உப்பக் கொறைங்க. ரெண்டு வாரத்துல வாங்க."

அவ்வளவுதான். நீர் எந்நேரம் பிரியும், எத்தனை தரம் பிரியும் என்று அவர் சொல்லவில்லை. பேரன் வயசுக்காரரிடம் இவளும் அதைக் கேட்கவில்லை.

வீக்கம் வற்றியது உண்மை. ஆனால் என் பெஞ்சாதி வீட்டில் உட்கார்ந்திருக்கிறவள் இல்லை. பேத்துப்பாறையிலிருந்து வெள்ளனே ஜீப் ஏறி, மேல்மலைக் கேரட் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவள். எனக்கு இடுப்பு போனபிறகு அவள் கூலியில்தான் அடுப்பு எரிகிறது. ஜீப்பில் பெண்களை மூட்டை மாதிரி அடுக்குவார்கள். ஒருத்தி இறங்க வேண்டுமென்றால் பாதிப் பேர் இறங்க வேண்டும். வழியெல்லாம் ரிசார்ட் வேலி, இல்லாவிட்டால் பாறை, அதுவும் இல்லாவிட்டால் செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிற டூரிஸ்ட்.

புது மாத்திரை போட்டதிலிருந்து அவள் தினமும் வண்டியை நிறுத்தச் சொன்னாள். மற்றவர்கள் சேலையை விரித்து மறைப்புப் பிடித்தார்கள்.

"ஏக்கா, ஓஞ்சோலி முடிஞ்சுதா? இல்ல நாங்க ஒரு எட்டு பழனி போயிட்டு வருவமா?" என்று ஒருத்தி கேட்டாளாம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். வண்டி ஓட்டுகிற ராஜமுருகன் மட்டும் சிரிக்கவில்லை.

"ஆத்தா, ஒனக்கு வளைவுக்கு வளைவு ஸ்டாப் போட்டா மொதலாளி என்னத்தான் வைவாரு. அடக்கிக்கிருவேன்னா ஏறு. இல்லன்னா வீட்டுல கெட."

அன்றைக்கு வந்து என்னிடம், "தண்ணி குடிச்சாத்தான வரும்" என்றாள். ராத்திரிச் சோற்றோடு தண்ணீரை நிறுத்தினாள். மறுநாள் சாயங்காலம் வீடு வந்துதான் டம்ளரைத் தொடுவாள். மாத்திரையை மட்டும் தவறவிடவில்லை. உப்பைக் குறைக்கச் சொன்னதற்கு, கஞ்சியில் ஒரு கல்கூடப் போடவில்லை.

"சாயங்காலம் வந்து போடேன்டி."

"காலையிலன்னு எழுதியிருக்கு."

"எழுதுனவனா ஜீப்புல வாரான்?"

"நீங்க சும்மா இருங்க. ஒங்களுக்கு எல்லாருமே கள்ளன்தான்."

ஆமாம், எனக்கு எல்லாரும் கள்ளன்தான். ஆனால் ஒருநாள் அடுப்படியில் எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்ததைப் பார்த்தபிறகு, பஸ் பிடித்து நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் இல்லை. ஆக்ஸிலியா என்கிற நர்ஸ் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அய்யா, தண்ணி குடிக்காம இந்த மாத்திரையப் போடவே கூடாது. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. ரத்தம் எடுத்து உப்பு எவ்வளவு இருக்குன்னு பாக்கணும். டாக்டர் நேரத்த மாத்துவாரு, இல்ல மாத்திரையவே மாத்துவாரு."

"ஒரு நாள் கூலி போயிரும். அத நீ குடுப்பியா தாயி?"

"ஆளு இருந்தாத்தான அய்யா கூலி."

ரத்தம் எடுப்பது அவர்களுக்கு வரும்படி என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் வீட்டில் சொன்னேன்.

"சனிக்கெழம போவோம்" என்றாள் குப்பம்மாள். "வெள்ளி வரைக்கும் கேரட்டு எடுப்பு. ஒரு நா நின்னாலும் என் எடத்துக்கு வேற ஆளு வந்துருவா."

சனிக்கிழமை வருவதற்குள் முடிந்துபோயிற்று. காட்டில் அவள், பிடுங்கிய கேரட்டை ஒவ்வொன்றாக மறுபடி மண்ணில் நட்டுக்கொண்டிருந்தாளாம். வேடிக்கை செய்கிறாள் என்று நினைத்திருக்கிறார்கள்.

"ஏக்கா, நாளைக்கும் கூலி வேணும்னு நடுறியா?"

அப்படியே மண்ணில் கவிழ்ந்திருக்கிறாள். கை கால் வெட்டி இழுத்திருக்கிறது. ராஜமுருகன் மற்றவர்களைக் காட்டிலேயே விட்டுவிட்டு, இவளை மட்டும் படுக்க வைத்து எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டி வந்தான். டவுனில் ஊசி போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மலையிறக்கி அனுப்பினார்கள்.

"ஒடம்புல தண்ணியும் இல்ல, உப்பும் இல்ல. மூளையப் பாதிச்சிருச்சு" என்றார் அங்கிருந்த டாக்டர். "ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா சரிபண்ணியிருக்கலாம்."

எல்லாரும் 'முன்னாடி வந்திருந்தா' என்றுதான் சொல்வார்கள்.

உயிர் தங்கியது. வீட்டுக்கு வந்தவள் பழைய ஆள் இல்லை. சோற்றைக் கையில் எடுப்பாள், வாய்க்குக் கொண்டுபோக மறந்து அப்படியே பார்த்துக்கொண்டிருப்பாள். சில நேரம் என்னை யாரென்று கேட்பாள். ராஜமுருகன் ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்து வாசலில் நின்றான்.

"பெரியப்பா, அன்னைக்கு நான் வண்டிய..."

"போடா" என்றேன். பழத்தை வைத்துவிட்டுப் போனான். அவள் இடத்தில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்து போகிறாள்.

பிரஷருக்கு இப்போது மூன்றாவது மாத்திரை. பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலில் அதைக் கையில் வாங்கிக்கொண்டு நான் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"இது என்ன கெடுதல் பண்ணும்? அதச் சொல்லுங்க மொதல்ல."

"சிலருக்கு வறட்டு இருமல் வரும், பெரியவரே. வந்தா நீங்களா நிறுத்திறாதீங்க. பக்கத்துல இருக்கிற டாக்டர்கிட்டக் காட்டுங்க, மாத்திருவாங்க."

இந்த மலைப் பனிக்கு ஆடுகூட இருமும். இதில் எதை மாத்திரை இருமல் என்று கண்டுபிடிப்பது? அதனால் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீரை ஒவ்வொரு வாயாக நானே புகட்டுகிறேன். பல்லைக் கடித்துக்கொள்கிறாள். திட்டித்தான் இறக்க வேண்டியிருக்கிறது.

இன்று காலை கஞ்சி கொடுக்கும்போது இருமினாள். நிறுத்தி, மறுபடியும் இருமினாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, அவளுக்கு ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, கைத்தாங்கலாகப் பஸ்ஸுக்கு நடத்திவந்தேன்.

"எங்க?" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்கு."

கையை உதறினாள்.

"சனிக்கெழம போவோம். இன்னைக்கு எடுப்பு இருக்கு" என்றாள்.