ஏப்ரனில் பதினாலு

சேர்மன் அண்ணன் எதற்கும் சேர்மன் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாற்பது வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஒரு மூலை மேஜையில் உட்கார்ந்து எழுந்து ஓய்வு பெற்றவர். ஆனால் எந்த அறைக்குள் நுழைந்தாலும், இருக்கிற நாற்காலிகளில் பெரியது எது என்று கண்ணாலேயே அளந்து, நேரே போய் அதில் உட்காருவார். அதனால் வந்த பட்டம். மைக் இருந்தால் அவர் கையில் இருக்கும். இல்லாவிட்டால் அவர் தொண்டையே மைக்.

அவருக்கு அறுபத்தெட்டு வயதில் பிடித்த புதுப் பைத்தியம், குடும்ப வரலாற்று நூல். வழவழத் தாள், தடி அட்டை, நடுவில் இரண்டு பக்கத்துக்கு விரியும் வம்ச மரம். அதில் அடிமரமாக நிற்பவள் அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டி. குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் கப்பல் பாட்டி. தொண்ணூற்று மூன்று வருஷத்துக்கு முன்னால், அப்பா அம்மா இல்லாத தம்பிகளையும் தங்கையையும் இழுத்துக்கொண்டு, பாஷை தெரியாத இந்த ஊருக்குக் கப்பலேறி வந்து, தன்னந்தனியாக நின்று எல்லோரையும் ஆளாக்கி... என்று அண்ணன் ஆரம்பித்தால், கேட்கிறவன் கையில் இருக்கிற டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

இந்தத் தன்னந்தனிக் கதையில் கூடவே ஒரு வேலைக்காரியும் வருவாள். ஒத்தாசைக்குக் கப்பலில் கூட்டிவந்தவளாம். மாற்றுத் துணிக்கு வழியில்லாமல் கப்பலேறியவளுக்கு வேலைக்காரி எதற்கு என்று இத்தனை வருஷத்தில் ஒரு ஆள் கேட்டதில்லை. கேட்பானேன்? கேட்டால் கதை இளைத்துவிடுமே.

அந்த வேலைக்காரியின் பேத்திதான் ரெக்கார்டக்கா. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், கீழ்த்தளத்து ரெக்கார்டு ரூமில் முப்பத்தொரு வருஷமாக ஃபைல் எடுத்துக் கொடுக்கிறவள். அவளும் எண்பத்தாறு வயதான அவளுடைய அம்மாவும் இரண்டு அறை வீட்டில் இருக்கிறார்கள். குடும்ப விசேஷம் என்றால் இவர்களுக்கும் அழைப்பு வரும். போனதும், "வாங்க சித்தி, அந்தப் பக்கம் கொஞ்சம் கை குடுங்களேன்" என்று நேரே பாத்திரம் கழுவும் இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வேலைக்காரி கிளை அல்லவா!

ஒரு செவ்வாய்க்கிழமை வம்ச மரத்தின் நகல் தபாலில் வந்தது. அம்மா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வேரிலிருந்து நுனிவரை ஊர்ந்தாள். மரத்துக்குக் கீழே கப்பல் இறங்கிய காலத்துப் பழைய போட்டோ ஒன்றையும் அச்சடித்திருந்தார்கள். நடுவில் நாற்காலியில் கப்பல் பாட்டி. இரண்டு பக்கமும் தம்பிகள். காலடியில் கடைசித் தங்கை. நாற்காலிக்குப் பின்னால், முதுகுக் கட்டையில் கை வைத்தபடி, ஏப்ரன் கட்டிய ஒருத்தி. கீழே வரிசையாகப் பெயர்கள். நிற்கிறவளுக்குப் பெயர்கூட இல்லை: "உடன் வந்த பணிப்பெண்."

அம்மா கண்ணாடியை மேஜையில் வைத்தாள்.

"இத்தனை நாளா வாயால சொன்னான். சொல்லிட்டுப் போகட்டும், காத்தோட போற பேச்சுன்னு விட்டேன். இப்ப அச்சுல ஏத்துறானே! எங்கம்மா அவங்களுக்குக் கூடப் பொறந்தவடீ."

"எனக்குத் தெரியும்மா."

"உனக்குத் தெரிஞ்சு என்ன? நான் கண்ணை மூடுறதுக்குள்ள எங்கம்மாவை அவ அக்கா தம்பிங்களோட ஒரே வரிசைல பாக்கணும். அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

பழைய கதை ஒன்று உண்டு. கப்பல் பாட்டி துணிக்கடை முதலாளியைக் கட்டிக்கொண்டு செழித்த பிறகு, மாமியார் வீட்டு விருந்தாளி ஒருத்தி சுவரில் இருந்த போட்டோவைக் காட்டி, பின்னால் நிற்கிறவள் யார் என்று கேட்டாள். "அதுவா, கூட ஒத்தாசைக்கு இருந்தா" என்றாள் கப்பல் பாட்டி. ஏறிவந்த ஏணியை எட்டி உதைப்பதற்கு இவ்வளவு நேரம்தான் ஆயிற்று. ஒத்தாசைக்கு இருந்தவள் அப்போது அதே அறையில் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைத்தாள், வீட்டுக்கு வந்தாள், சாகிறவரை அந்தப் படியை மிதிக்கவில்லை. "மாமியாருக்குப் பயந்து சொல்லிட்டா பாவம்" என்று அக்காவுக்கு வக்காலத்தும் வாங்கினாள். நல்லவர்களாக இருப்பதில் இதுதான் தொல்லை. அவர்களுடைய மௌனத்தை அடுத்தவன் ஆதாரமாக்கிவிடுவான்.

ரெக்கார்டக்கா போன் போட்டாள்.

"அண்ணே, மரத்துல எங்க பாட்டியைக் காணோமே?"

"இருக்காங்களேம்மா! போட்டோ போட்டு, கீழ 'பணிப்பெண்'ணுன்னு எவ்வளவு மரியாதையாப் போட்டிருக்கேன்! வேற எவனாவது இதெல்லாம் போடுவானா?"

"அவங்க தங்கச்சிண்ணே."

"சித்தி சொல்றாங்கங்கறதுக்காகப் போட முடியுமா? ரெக்கார்டு வேணும்மா, ரெக்கார்டு. உனக்குத் தெரியாததா?"

"நீங்க எந்த ரெக்கார்டைப் பாத்துப் போட்டீங்க?"

"போட்டோ இருக்கே! உக்காந்திருக்கறது யாரு, நிக்கறது யாரு? கண்ணு இருந்தாப் போதும். நம்ம குடும்பத்துப் பொம்பளைங்க ஏப்ரன் கட்டின சரித்திரமே கிடையாது, தெரிஞ்சுக்கோ."

அவர் பின்னால் அண்ணி குழாயைத் திறந்து பாத்திரங்களை உருட்டுகிற சத்தம் கேட்டது.

"அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை பிரஸ்காரர் வந்து ஃபைனல் புரூஃப் வாங்கிட்டுப் போறார். அதுக்குள்ள பேப்பர் கொண்டா. கொண்டாந்தா மாத்திடுவோம்" என்றார். பேப்பர் வராது என்கிற தைரியம். நனைந்த கோழி என்ன பறக்கப்போகிறது என்று நினைத்தார்.

ரெக்கார்டு ரூமில் முப்பத்தொரு வருஷம் இருந்தவளுக்கு ஒன்று தெரியும். பேப்பரில் பெரிய எழுத்தில் இருப்பது எழுதினவனுடைய ஆசை. உண்மை எப்போதும் ஒருவரும் படிக்காத கட்டத்தில் பொடி எழுத்தில் முடங்கிக் கிடக்கும்.

சனிக்கிழமை சனிக்கிழமையாக நகர ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். அங்கே மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்தவள், கேட்கிற ஒவ்வொரு பெட்டியையும் தன் சொந்த நகைப்பெட்டி போலத் தயங்கித் தயங்கித்தான் எடுத்துக் கொடுத்தாள். இரண்டாவது சனிக்கிழமை கப்பலின் பயணிகள் பட்டியல் கிடைத்தது. நான்கே வரிகள். இருபத்துநாலு வயது அக்கா, பதினைந்திலும் பன்னிரண்டிலும் தம்பிகள், ஒன்பது வயதுத் தங்கை. வேலைக்காரி? கப்பலின் சமையல்காரன்வரை தேடியாயிற்று. இல்லை.

"இந்த ஊரில் யாரிடம் போகிறார்?" என்று கடைசியில் ஒரு கட்டம். அதில்: "தங்கையிடம்." பக்கத்தில் ஒரு சலவை நிலையத்தின் விலாசம். மீதி மூன்று வரியிலும் மேற்படி, மேற்படி, மேற்படி.

அதற்கும் பக்கத்தில் துறைமுக டாக்டர் கிறுக்கிய கட்டம். டாக்டர் கிறுக்கல் அவளுக்குத் தாய்மொழி மாதிரி. படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நகைப்பெட்டிக்காரி, "உஷ்!" என்றாள்.

ஆனால் அந்தத் தங்கைதான் ஏப்ரன்காரி என்று காட்ட வேண்டுமே. வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் இருந்த அசல் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். அச்சடித்ததில் மங்கிப்போனது அசலில் தெளிவாக இருந்தது. ஏப்ரனின் கீழ் ஓரத்தில் நூலால் தைத்த எண்: பதினாலு. போட்டோவின் முதுகில் ஸ்டூடியோ முத்திரை, தேதியோடு. கப்பல் வந்து இரண்டு நாள் கழித்து.

அந்தச் சலவை நிலையம் எப்போதோ மூடிப்போய், அதன் பதிவேடுகள் காப்பகத்தில் தூசி தின்றுகொண்டிருந்தன. நாலாவது சனிக்கிழமை, பதினாலாம் எண் தொழிலாளியின் பக்கம் கிடைத்தது. பாட்டியின் பெயர். அப்பா பெயர், கப்பல் பட்டியலில் நாலு வரியிலும் இருந்த அதே பெயர். வேலையில் சேர்ந்தது, கப்பல் வருவதற்கு மூன்று வருஷம் முன்னால்! ஓரத்தில் மேஸ்திரியின் பொடி எழுத்து: "துறைமுகத்துக்கு, உடன்பிறந்தவர்களை அழைத்துவர, அரை நாள்." இரண்டு நாள் தள்ளி: "போட்டோ எடுக்க, அரை மணி."

ரெக்கார்டக்கா அந்தப் பக்கத்துக்கு நகல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். அரை மணியில் ஏப்ரனை அவிழ்த்துக் கட்ட நேரம் ஏது?

கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. சேர்மன் அண்ணன் வீட்டு ஹாலில் இருபது உறவுக்காரர்கள். சுவரில் ஆளுயரத்துக்கு வம்ச மரம். பெரிய நாற்காலியில் யார் என்று சொல்லத் தேவையில்லை. மூலையில் பிரஸ்காரர் புரூஃப் கட்டோடு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சித்தி! அந்தப் பக்கம் கொஞ்சம்..."

"இன்னிக்குக் கை வலிக்குதுப்பா" என்று அம்மா முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரெக்கார்டக்கா முதல் நகலை நீட்டினாள். அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.

"தங்கையிடம்னு போட்டிருக்கு. சரி. அதனால? ஊர் விட்டு ஊர் வந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் அக்கா தங்கச்சின்னுதான் கூப்பிடுவாங்க. நான் பஸ் கண்டக்டரைத் தம்பின்னு கூப்பிடறேன். எங்கம்மாவா அவனைப் பெத்தாங்க?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் சொன்னால் சிரிப்பதற்கென்றே நாலைந்து பேர் எப்போதும் உண்டு.

"கண்டக்டரோட அப்பா பேரும் உங்க அப்பா பேரும் ஒண்ணாண்ணே?" என்று இரண்டாவது நகலை வைத்தாள். "இது லாண்டரி பதிவேடு. அப்பா பேரைப் பாருங்க. பதினாலாம் நம்பர். இப்ப போட்டோவுல ஏப்ரன் ஓரத்தைப் பாருங்க. இந்தாங்க கண்ணாடி."

கண்ணாடி கை மாறிக் கை மாறிப் போயிற்று. "ஆமா, பதினாலுதான்" என்றாள் அண்ணி, எல்லோருக்கும் முன்னால்.

"மூணு வருஷம் முந்தியே வந்து, லாண்டரில நின்னு, இவங்க நாலு பேரையும் வரவழைச்சதே அவங்கதான். உங்க பாட்டிக்கு இந்த ஊர்ல கால் வைக்க இருந்த ஒரே விலாசம் எங்க பாட்டி."

"அப்ப ஏன் அவங்க நிக்கணும், இவங்க உக்காரணும்? அதைச் சொல்லு!" அண்ணன் கடைசிக் கொம்பைப் பிடித்தார். "மகாராணி மாதிரி உக்காந்திருக்காங்களே, ஒரு களை இருக்கே முகத்துல!"

"டாக்டர் எழுதியிருக்கார், படிக்கட்டுமா? 'இரண்டு பாதமும் வீக்கம். ஓயாத வாந்தி. நிற்க இயலாது.' அது களை இல்லண்ணே, களைப்பு. விழுந்துடப் போறாங்கன்னுதான் எங்க பாட்டி பின்னால நாற்காலியைப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க."

இதற்கு ஹாலே சிரித்தது, முதலில் சிரித்தவர் பிரஸ்காரர். புரைக்கேறிவிட்டது. "சார், அடிமரத்தை மாத்தணும்னா நடுப் பக்கம் பூராவும் மாறுமே" என்றார், தண்ணீர் குடித்துவிட்டு.

அண்ணன் சுவரைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், சிரிக்க வேண்டிய நாலைந்து பேரைப் பார்த்தார். அவர்கள் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீசையில் மண் ஒட்டாமல் எழுந்திருப்பது ஒரு கலை. அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"நான் அப்பவே நினைச்சேன்!" என்றார். "அந்த முகத்துல ஒரு உழைப்பு தெரியுதுன்னு. நம்ம ரத்தமாச்சே! பிரஸ்காரரே, எழுதிக்கோங்க. அடிமரம் எங்க சின்னப் பாட்டி. 'குலத்தின் முன்னோடி, சலவைத் தொழில் அதிபர்...'"

"அதிபரா? பதினாலாம் நம்பருண்ணே."

"ஒரு மரியாதைக்கும்மா! நாலு பேர் படிக்கிறது."

முன்வரிசையிலிருந்து அம்மா, "பேனா இருக்கா தம்பி?" என்று பிரஸ்காரரைக் கேட்டாள். புரூஃபை மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு நாள் எங்கம்மாவை வேலைக்காரி ஆக்கினே. ஆதாரம் காட்டின அடுத்த நிமிஷம் முதலாளி ஆக்குறே. அவ அவளா இருக்கறதுக்கு உன் புஸ்தகத்துல இடமே இல்லையாப்பா?"

அண்ணனின் தொண்டை மைக் முதல் தடவையாகக் கரகரத்து நின்றது.

"அடிமரமெல்லாம் வேண்டாம். மரத்தை நீயே வச்சுக்கோ, உங்க பாட்டியும் அதுலயே நிக்கட்டும். நிக்க முடிஞ்சா." இரண்டாவது தடவை ஹால் சிரித்தது, இந்தச் சிரிப்பில் அண்ணியும் இருந்தாள். "எனக்கு இந்த வரிசைதான்."

பணிப்பெண் என்ற சொல்லை அம்மா ஒரே கோட்டில் அடித்தாள். அம்புக்குறி போட்டு, அக்காவுக்கும் பெரிய தம்பிக்கும் நடுவில் தன் அம்மாவின் பெயரை எழுதினாள். எழுத்து ஏறி இறங்கிப் போயிற்று. அதோடு விடவில்லை. பெயருக்குப் பக்கத்தில் எழுதினாள்: "இரண்டாவது மகள். லாண்டரியில் துணி துவைத்தாள். முதலில் வந்தவள்."

"சித்தி, 'துவைத்தாள்'னு அப்பட்டமாவா..."

"துவைச்சா. அப்படித் துவைச்சதாலதான் உங்க பாட்டி கப்பல்லேர்ந்து இறங்கினா."

பிரஸ்காரர் தாளை வாங்கி ஒரு தடவை படித்துப் பார்த்தார். "திருத்தம் போட்டவங்க கீழ ஒரு கையெழுத்துப் போடணும். இல்லாட்டி நாளைக்கு நான் மாட்டிப்பேன்" என்றார். வழக்கம்போல அண்ணன் கை நீண்டது. பேனா இன்னும் அம்மாவிடம்தான் இருந்தது. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, இருந்த இடம் முழுக்க அடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு முடித்தாள். பிறகு பேனாவை மூடி அண்ணனிடம் கொடுத்தாள்.

சேர்மன் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து குனிந்து, ஓரத்தில் மிச்சமிருந்த விரற்கடை இடத்தில் தன் கையெழுத்தைக் குறுக்கிக் குறுக்கிப் போட்டார்.