முள்ளைத் தொடாத கத்தி

கிருபாவதி கத்தியின் முனையைக் கடை மேசையில் ஊன்றி அழுத்தினாள். அது வளையவே இல்லை. ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை அழுத்தினாள். அது வளைந்தது, ஆனால் வளைந்தபடியே நின்றுகொண்டது. தேனி கடைவீதியில் எத்தனையோ வருடமாகப் பாத்திரமும் கத்தியும் விற்கிற ஞானதுரை கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"யம்மா, கத்தி வாங்க வந்தீகளா, ஒடிக்க வந்தீகளா?"

"நல்ல கத்தி ஒடியாது அண்ணாச்சி. வேற எடுங்க."

அவர் கனமான ஒன்றை எடுத்துப் பெருமையாகக் காட்டினார். "இதைப் பாருங்க. எலும்பையே ரெண்டாப் போடும். கசாப்புக் கடைக்காரவுக எல்லாம் இதைத்தான் வாங்கிட்டுப் போறாக."

"எனக்கு எலும்பை வெட்ட வேணாம். எலும்பு மேல உரசிக்கிட்டே போகணும், வெட்டக் கூடாது. மீனுக்கு. முள்ளு எல்லாம் கூண்டோட நிக்கணும், சதை மட்டும் தனியாக் கழண்டு வரணும்."

"அம்புட்டுத்தானே? மீனுக்கு அருவாமனை போதாதா?"

"அதைச் சொல்லிச் சொல்லித்தான் எங்க மதினிக்கு வாயே ஓஞ்சு போச்சு" என்று சிரித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். மதினியின் வாய் உண்மையிலேயே ஓய்ந்துகொண்டிருந்தது.

மதினி சோணையம்மாள், கிருபாவதியின் புருஷன் கர்ணனுக்கு அக்காள். கடமலைக்குண்டில் வாக்கப்பட்டு, புருஷன் போனதும் கைப்பிள்ளை திரிஷாவோடு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டவள். கர்ணன் வைகை அணையில் பரிசல் போட்டு மீன் பிடிப்பான். நாத்தனாளும் தம்பி பெண்டாட்டியும் அணை ரோட்டில் பலகை போட்டு விற்பார்கள். சோணையம்மாள் அருவாமனையில் உட்கார்ந்தால் மீன் தானாகவே துண்டாகி விழுகிற மாதிரி இருக்கும். அந்த ஜம்பத்தில்தான் கிருபாவதியின் கத்தியை அவளுக்குக் கண்டாலே ஆகாது.

கத்தி வந்தது குமுளி ஓட்டல்களால். முள் நீக்கிய சதை வேண்டும் என்று அவர்கள் கேட்க, கிருபாவதி போனில் பார்த்துப் பார்த்துப் பழகினாள். முதலில் அறுத்த மீன்களெல்லாம் நாய் குதறியதைப் போலத்தான் இருந்தன. "முள்ளு இல்லாத மீனும் வாயி இல்லாத மாமியாளும் ருசிக்குமாடி? கத்தியில அறுத்ததை நான் செத்தாலும் வாயில வைக்க மாட்டேன்" என்று சோணையம்மாள் சந்தைக்கே கேட்கும்படி சபதம் போட்டாள். கிருபாவதியின் கை தேறி, வாரத்துக்கு இரண்டு பெட்டி மலையேறிய பிறகும் சபதம் சபதமாகவே இருந்தது. போன மாதம் ஊறுகாய் பாட்டில் மூடியை நெம்பி, அந்த நல்ல கத்தியின் முனையை ஒடித்தவளும் அவளேதான். "வேணும்னு செய்யலடி" என்று சொன்னபோது அந்த நோயிலும் அவள் முகத்தில் ஒரு களை வந்தது.

உணவுக்குழாயில் கட்டி. மதுரைவரை போய்ப் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கஞ்சித் தண்ணீர்தான் இறங்கியது. இன்று விடிந்ததும் அவள் கிருபாவதியின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "விராலு கெடைக்குமாடி?" கர்ணன் அப்போதே ஓடிப்போய் ஒரு விராலை உயிரோடு கொண்டுவந்து அண்டாவில் விட்டான். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிற நர்ஸம்மாவைப் போனில் கேட்டால், மசித்துக் கொடுக்கலாம், ஆனால் பொடி முள் ஒன்று போனாலும் புண்ணில் குத்திவிடும் என்றாள். அருவாமனை முள்ளையும் சேர்த்து நறுக்கும். காய்கறிக் கத்தி தடிமன். முனை ஒடிந்ததை வைத்துக்கொண்டு விலாவைச் சுற்றி வர முடியாது. அதனால்தான் சாகக் கிடக்கிறவளைக் கர்ணனிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஞானதுரை பரணில் தேடி ஒரு பெட்டியை இறக்கினார். அதில் ஒன்று மெலிந்து, நீண்டு, முனை கூம்பி இருந்தது. ஊன்றி அழுத்தினாள். வில்லாக வளைந்து, விட்டதும் விருட்டென்று நிமிர்ந்தது. "கொஞ்சம் தண்ணியும் சோப்பும் குடுங்க" என்றாள். கையில் சோப்பைக் குழைத்துக்கொண்டு பிடியை இறுக்கிப் பிடித்துத் திருகினாள். விரால் வழுவழுப்புக்கு முன்னால் சோப்பெல்லாம் ஒன்றுமே இல்லை, இருந்தாலும் இதிலேயே நழுவுகிற பிடி அதில் நிற்குமா? நழுவவில்லை. கட்டை விரல் நகத்தில் விளிம்பை வைத்தாள். வழுக்காமல் கடித்துக்கொண்டது.

"இதுதான்" என்றாள். பேரம் பேச மறந்துபோனது.

வீட்டுக்கு வந்ததும் சாணைக் கல்லில் பத்து இழுப்பு இழுத்தாள். புதுக் கத்தியின் கூர் கடைக்காரனுடைய கூர், அதை நம்பக் கூடாது. விராலைச் சாம்பலில் புரட்டி, தலையில் ஒரு தட்டுத் தட்டி, செவுளுக்குப் பின்னால் கத்தியை இறக்கினாள். நடுமுள் தட்டுப்பட்டதும் படுக்கைவாக்கில் திருப்பி வால் பக்கமாக ஓட்டினாள். கத்தி விலாவின் வளைவுக்குத் தானும் வளைந்து கொடுத்தது. ஒவ்வொரு முள்ளின் மேலும் ஏறி இறங்குகிற நொறநொறப்பு விரலுக்குக் கேட்டது. அந்தச் சத்தம் விடாமல் கேட்கிறவரை முள் ஒன்றுகூடச் சதையோடு வராது. திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் எடுத்தாள். தலையும் வாலும் முள்கூடும் ஒரே உருப்படியாகப் பலகையில் கிடந்தது. சாயங்காலம் குழம்புக்கு ஆகும் என்று அதைக் கழுவி ஐஸ் பெட்டியில் வைத்தாள்.

சதையை இட்லித் தட்டில் வேகவைத்து, மிளகும் உப்பும் போட்டு மசித்தாள். ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை, இருந்தாலும் பார்த்தாள்.

முதல் வாயை சோணையம்மாள் நாக்கிலேயே வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு மெல்ல இறக்கினாள். கண் ஓரம் கசிந்தது.

"கத்தியில அறுத்ததா?"

"ஆமா மதினி."

"அதான் பாத்தேன். முள்ளு இல்லைன்னா ருசி கொஞ்சம் கொறச்சல்தான்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இன்னொரு வாய் குடு."

நாலு வாய் சாப்பிட்டாள். விக்கவில்லை, இருமவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, கிருபாவதியின் கையைத் தன் கன்னத்தடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். உச்சிப்பொழுது சாய்கிற நேரத்தில் கை வியர்த்துவிட்டது என்று கிருபாவதி அதை மெல்ல உருவினாள். அப்போதுதான் மூச்சு இல்லை என்று தெரிந்தது.

கர்ணன் வாசலில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதான். அழுகைச் சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணில் முதலில் பட்டது கட்டிலுக்கு அடியில் இருந்த மீன் தட்டு. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? பந்தல்காரன் வருவதற்குள் செய்தி தெருக்கோடிக்குப் போய்த் திரும்பிவிட்டது. "மீன் முள்ளு தொண்டையில சிக்கிப் போயிருச்சாம்."

இழவு விழுந்த வீட்டில் உலையிலும் சட்டியிலும் இருப்பதைக் கொட்டிவிட வேண்டும். சோறு, பால், குடத்துத் தண்ணீர் எல்லாம் வெளியே போனது. பக்கத்து வீட்டுக்காரி ஐஸ் பெட்டியின் மூடியில் கை வைத்தபோது கிருபாவதி குறுக்கே போய் நின்றாள்.

"அது இருக்கட்டும்."

"பிணத்தைப் போட்டுக்கிட்டு மீனை வச்சிருப்பாகளா?"

"நான் வச்சிருப்பேன்."

இப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, ஆட்கள் நகர்ந்ததும் அவளே மூடியைத் திறந்தாள். செவுளை ஒட்டி இருக்கிற முள்தான் நூலாக இருக்கும். அதை மட்டும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஒருவேளை என்று ஒரு பயம் வந்து, வந்த வேகத்திலேயே போனது. எல்லாம் இருந்தன. மூடியை அடைத்து அதன்மேல் ஒரு கல்லையும் தூக்கி வைத்தாள்.

சாயங்காலம் திருப்பூரிலிருந்து திரிஷா வந்து இறங்கினாள். பனியன் கம்பெனியில் வேலை. கூடவே கடமலைக்குண்டிலிருந்து அவளுடைய பெரியப்பா அம்மாவாசியும் சாதி சனமும் வந்தார்கள். ஆத்தாவின் மேல் விழுந்து அழுத திரிஷா தலையை நிமிர்த்தும்போது அவள் கண் கிருபாவதியைத் தேடிப் பிடித்தது. தெருவிலேயே அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

குளிப்பாட்டத் தண்ணீர் வந்தது. மறைப்புக் கட்டினார்கள். சீயக்காய்க் கிண்ணத்தோடு கிருபாவதி முன்னால் வந்தாள். இத்தனை மாதமாக அந்த உடம்பைத் துடைத்து, புரட்டி, புண் வராமல் பவுடர் போட்டவள் அவள்தான்.

"நீங்க தொடாதீக" என்றாள் திரிஷா.

மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவாசி குரல் கொடுத்தார். "புள்ள கேக்குறதுல என்ன தப்பு? கஞ்சி குடிக்கிறவளுக்கு மீனை யாரு குடுக்கச் சொன்னது?"

கிருபாவதி கிண்ணத்தை இறுக்கிப் பிடித்தாள். துக்கத்தில் பாதி, கோபத்தில் பாதி. ஊர் என்னத்தையும் பேசட்டும், நாளைக்கு வேறொன்றைப் பேசும். ஆனால் தான் தூக்கி வளர்த்த இந்தப் பிள்ளை, அத்தைதான் ஆத்தாவைக் கொன்றாள் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டால் அப்புறம் இந்த வீட்டு வாசல் மிதிக்குமா? கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"திரிஷா, ஒரு நிமிசம் கொல்லைக்கு வா. வந்து பாத்துட்டு, வேணாம்னு சொன்னா நான் தொடல."

திரிஷா வர மாட்டாள் போலிருந்தது. பிறகு வந்தாள்.

கிருபாவதி கல்லை இறக்கி, பெட்டியைத் திறந்து, முள்கூட்டை மீன் அறுக்கிற பலகையில் நீளமாகக் கிடத்தினாள். தலை, நடுமுள், இரண்டு பக்கமும் விலா, வால். புதுக் கத்தியையும் பக்கத்தில் வைத்தாள்.

"இதுதான் உங்க ஆத்தா சாப்பிட்ட மீனு. ஒத்த மீனுதான். முள்ளு எதுவும் ஒடிஞ்சிருக்கா, இல்லாமப் போயிருக்கா, நீயே பாரு. நான் எதுவும் சொல்லல."

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா? திரிஷா அருவாமனைக்குப் பக்கத்திலேயே தவழ்ந்தவள். குந்தி உட்கார்ந்து செவுள் பக்கம் விரலை வைத்தாள். அத்தை தொட்ட அதே இடத்தில்தான் அவளும் தொடங்கினாள். ஒவ்வொரு முள்ளாகத் தொட்டுக்கொண்டே நுனிவரை போனாள். திருப்பிப் போட்டு மறுபக்கமும் பார்த்தாள். வால்வரை வந்ததும் விரல் நின்றது.

"ஆத்தாவே மீனைக் கேட்டுச்சா?" என்றாள் திரிஷா.

"ஆமா. விடிஞ்சதும் கேட்டாக."

"எம்புட்டு சாப்புட்டுச்சு?"

"நாலு வாய்."

திரிஷா எழுந்து கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கிருபாவதி பின்னாலேயே போய் ஒதுங்கி நின்றாள். திரிஷா அண்டாவில் செம்பை முக்கி எடுத்து, முதல் செம்புத் தண்ணீரை அத்தையின் பக்கம் நீட்டினாள். மறைப்புக்கு வெளியே அம்மாவாசி இருமினார். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இரவுக்குள் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் பால் ஊற்றிவிட்டு வந்ததும், அந்த வீட்டு வழக்கப்படி, செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து, தாய்மாமன் வீட்டார் எல்லாருக்கும் சோறு போட்டுத் துக்கம் மாற்ற வேண்டும். கர்ணன் பரிசலை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய விரால்களாகக் கொண்டுவந்தான். கிருபாவதி அருவாமனையை ஒருமுறை பார்த்தாள். மதினி இருந்தால் என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். புதுக் கத்தியை எடுத்துக் கல்லில் இழுத்தாள்.

படைத்துக் கும்பிட்டு, எல்லாரும் வரிசையாக இலையில் உட்கார்ந்தார்கள். அம்மாவாசி மீன் துண்டை விரல்களுக்கிடையில் வைத்து நசுக்கி, பிய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முள்ளைத் தேடித் தேடி அவர் இலையில் மீன் புட்டாகிவிட்டது. சோறு ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. இன்னும் இரண்டு மூன்று பேர் ரசத்தையே பிசைந்துகொண்டு, திரிஷாவின் கையைக் கவனித்தார்கள்.

திரிஷா இலையைப் பார்க்கவே இல்லை. சுவரில் சாய்த்திருந்த ஆத்தாவின் போட்டோவைப் பார்த்துக்கொண்டே, ஒரு துண்டை அப்படியே சோற்றோடு உருட்டி வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள்.

"முள்ளு இல்லைன்னா ருசி கொஞ்சம் கொறச்சல்தான் அத்தை" என்றாள். "இன்னொரு துண்டு வைங்க."

கிருபாவதி வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்தாள். மதினியின் அதே வார்த்தை என்று நினைத்தபடி, கேட்காமலே இன்னொன்றையும் வைத்தாள்.