மேற்குப் பக்க யன்னல்

தயாபரனுக்கு நெஞ்சுக்குக் கீழே வியர்ப்பதில்லை. இறுதி யுத்தத்தில் முதுகுத்தண்டில் ஏறிய எறிகணைத் துண்டு கால்களின் உணர்வோடு சேர்த்து வியர்வையையும் எடுத்துவிட்டது. உள்ளே போன சூடு வெளியேற வழியில்லாமல் காய்ச்சலாக மாறும். மாங்குளத்துக்குக் கிட்ட, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில், அவனுடைய அறை மேற்குப் பார்த்தது. பலகை யன்னல்கள் மழையில் ஊதி வளைந்து பூட்டுப்படாமல் நின்றன. இரண்டு மணிக்குப் பிறகு வெயில் நேரே கட்டிலில் விழும். மனைவி விமலேஸ்வரி ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போடுவாள்.

இந்தப் பங்குனியில் யன்னலை மாற்றுவதென்று முடிவெடுத்தாள். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்புதான், ஆஸ்பத்திரி விறாந்தையில் டொக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன, இனி நாளைத் தள்ளுவதுதான் என்று சொல்லியிருந்தார். அதை அவள் தயாபரனுக்குச் சொல்லவில்லை.

அலுமினியக் கடைக் கிருபன் மாதிரிக் கண்ணாடிகளோடு வந்தான். ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்து, "பின்னால கையை வைச்சுப் பாருங்கோ அக்கா" என்றான். சாதாக் கண்ணாடிக்குப் பின்னால் கை சுட்டது. நிறக் கண்ணாடியில் சூடு குறைவு, ஆனால் அறை இருண்டுபோகும். நடுவில் இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தது, சூடு அவ்வளவாக இல்லை.

"இது கொழும்பில இருந்து எடுப்பிக்கவேணும்."

"எடுப்பியுங்கோ. திறக்கத் தேவையில்லை. இறுக்கிப் பூட்டிவிட்டால் சூடு வராதுதானே?" என்றாள் விமலேஸ்வரி.

கட்டிலில் கிடந்த தயாபரன் தலையைத் திருப்பினான். "பூட்டினபடி வேண்டாம் தம்பி. தள்ளித் திறக்கிற மாதிரிப் போடும். ஒரு பொம்பிளை தனிய, ஒரு கையால தள்ள ஏலுமோ?"

"ஓம் அண்ணை, லேசாப் போகும்."

"உள்ளுக்குப் பூட்டு இருக்கோ? வெளியில இருந்து ஒருத்தரும் திறக்க ஏலாதெல்லோ?"

"ஏலாது."

"இருபது வருசம் நிக்குமோ?"

"தாராளமா நிக்கும் அண்ணை."

"அப்ப அதையே போடும்."

விமலேஸ்வரி கையிலிருந்த கண்ணாடித் துண்டைக் கட்டிலில் வைத்தாள். "யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்று கிருபனை அனுப்பிவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றாள். பிறகு திரும்பி வந்தாள்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. விறாந்தையால வரேக்க உம்மட முகத்தைப் பாத்தனான்."

"நான் உங்களுக்காகத்தான் யன்னல் போடுறன்."

"எனக்கு இந்தக் கோடை மட்டும்தான் விமலா. நீர் இருக்கப்போற வீடு."

நான்கு நாள் அவள் கிருபனுக்குப் போன் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் காய்ச்சல் ஏறி, தயாபரன் ஆளைத் தெரியாமல் பிதற்றினான். அவன் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அவள் போனை எடுத்தாள். அவன் கேட்டதையே போடச் சொன்னாள். கூடவே ஒன்றைச் சேர்த்தாள்: "யன்னலுக்குக் கீழ இருக்கிற சுவரை ஒன்றரை அடி உடைச்சு இறக்கிவிடுங்கோ. அவர் படுத்தபடி றோட்டைப் பாக்கவேணும்."

சுவர் உடைக்கிற அன்று தயாபரன் ஏசினான். "இவ்வளவு கீழ இறக்கி வைச்சால் பிறகு உமக்குத்தான் பயமா இருக்கும்."

"அது என்ர கதை. நீங்கள் பேசாமப் படுங்கோ."

சித்திரையில் யன்னலைப் பொருத்தினார்கள். அதன் பிறகு காய்ச்சல் வந்தது இரண்டே தரம்தான். பின்னேரங்களில் அவள் யன்னலைத் தள்ளித் திறந்துவிட, அவன் சைக்கிளில் போகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். வயலால் வருகிற மயில்வாகனம் நின்று கதைத்துவிட்டுத்தான் போவார். பதினோரு கிழமை அப்படிப் போனது. ஆனி முடிவில், ஒரு விடியற்காலை, தயாபரன் கண் விழிக்கவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்தும் விமலேஸ்வரி அந்த அறைக்குள் போகவில்லை. ஆவணி வெயிலில் முன்னறையில் இருக்க முடியாமல் போன ஒரு நாள், ஊர்ப் பிள்ளைகளுக்குத் தைத்துக்கொடுக்கிற தையல் மெசினை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். வெளியே மண் காய்ந்து கிடந்தது. அறை குளிர்ச்சியாக இருந்தது. அந்தக் குளிர்ச்சியில் அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருசம் அவன் வெந்து கிடந்த இடத்தில் இப்போது அவள் சுகமாக இருக்கிறாள்.

மெசினில் தலையை வைத்துச் சத்தம் போட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, பாதியில் நின்ற பள்ளிக்கூடச் சட்டையைத் தைக்கத் தொடங்கினாள்.